சிவப்புக் கோட்டுக்கு இந்தப் பக்கம்

என் வலது தொடைக்குள் ஓர் இரும்புக் கம்பி இருக்கிறது. காவிரிப் பாலத்தில் ஸ்கூட்டரோடு விழுந்ததற்குக் கிடைத்த பரிசு. விழுந்தது இளவயதில். அந்தக் காலத்துக் கம்பி என்ன உலோகம் என்று எனக்கும் தெரியாது, அதை வைத்த டாக்டரும் இன்று உயிரோடு இல்லை. அதனால் எம்.ஆர்.ஐ. இயந்திரம் இருக்கும் அறைக்குள் நான் நுழையக் கூடாது. உள்ளே இருப்பது சாவிக்கொத்தைக் கையிலிருந்து பிடுங்கிக்கொள்கிற காந்தம். துவாக்குடிப் பக்கம் நெடுஞ்சாலையை விட்டு உள்ளே தள்ளியிருந்த ஓர் ஆராய்ச்சி நிலையத்தில், அப்படிப்பட்ட அறையின் வாசல் தரையில் ஒரு சிவப்புக் கோடு போட்டிருந்தார்கள். அதுதான் என் எல்லை. எலியைத் துணியில் சுற்றிக் கொண்டுபோய், கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்று, அந்தப் பக்கம் நிற்கும் ஆபரேட்டர் கையில் கொடுப்பேன். பிள்ளையை முதல் நாள் ஸ்கூல் வாசலில் விட்டவன் மாதிரி கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுவிட்டுத் திரும்புவேன்.

எலி என்றதும் முகம் சுளிக்க வேண்டாம். சாக்கடை எலி இல்லை. வெள்ளை வெளேரென்று, ரோஜா நிறக் காதுகளோடு, குளிப்பாட்டிப் பவுடர் போட்டு வைத்தது போல இருக்கும். வாலில் மையால் கோடு போட்டு அடையாளம் வைத்திருந்தோம். ஒற்றைக் கோட்டுக்காரன், இரட்டைக் கோட்டுக்காரி என்று அப்படியேதான் கூப்பிடுவேன். இரட்டைக் கோட்டுக்காரி கொஞ்சம் கர்வம் பிடித்தவள். தூக்கினால் முதலில் என் சட்டைப் பொத்தானைக் கடித்துப் பார்த்துவிட்டுத்தான் மற்ற வேலை.

நான் ஒரு கல்லூரியின் விலங்கியல் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். என் காலத்தில் ஒரு பிராணிக்குள் என்ன நடக்கிறது என்று தெரிய வேண்டுமானால் அறுத்துப் பார்க்க வேண்டும். அறுத்த பிறகு உள்ளே ஒன்றும் நடக்காது, அது வேறு விஷயம். இங்கே அப்படி இல்லை. கத்தி இல்லை, ஊசி இல்லை, சாயம் இல்லை. கழுத்து வழியாக மூளைக்கு ஏறுகிற ரத்தத்தில் தண்ணீர் இருக்கிறது அல்லவா, அதற்குக் காந்தத்தாலேயே ஓர் அடையாளம் வைப்பார்கள். அந்த ரத்தம் மூளைக்குள் போய்ச் சேரும்வரை கண நேரம் காத்திருந்து ஒரு படம். அடுத்து, அடையாளம் வைக்காமல் இன்னொரு படம். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் மிஞ்சுவது, புதிதாக வந்து சேர்ந்த ரத்தம் மட்டும். மூளையின் எந்த மூலைக்கு எவ்வளவு போகிறது என்று நிறம் நிறமாகத் தெரிந்துவிடும். எலி தன் பாட்டுக்குக் கூண்டுக்குத் திரும்பி வாழைப்பழம் தின்னும். அதே எலியை அடுத்த மாதமும் அளக்கலாம், அதற்கு அடுத்த மாதமும் அளக்கலாம். வயதாக ஆக மூளைக்குப் போகும் ரத்தம் எப்படி மாறுகிறது என்பதுதான் அவர்களுடைய ஆராய்ச்சி. எலிகளோடு சேர்ந்து எனக்கும் வயதாகிக்கொண்டிருந்ததால் எனக்கும் அதில் அக்கறை உண்டு.

ஒரே ஒரு சிக்கல். கழித்து மிஞ்சுவது ரொம்பச் சன்னமான விஷயம். எலி துளி அசைந்தாலும் மூளையின் ஓரமெல்லாம் வெள்ளையாக ஒரு வளையம் விழுந்து படம் பாழாகிவிடும். மயக்க மருந்து கொடுத்தால் அசையாதுதான். ஆனால் மருந்தே ரத்தக் குழாய்களை விரித்துவிடும். அப்புறம் நாம் அளப்பது எலியின் ரத்த ஓட்டத்தை அல்ல, மருந்தின் கைங்கரியத்தை. ஆக, விழித்திருக்கிற, பயப்படாத, அசையாத எலி வேண்டும். பயந்தாலும் ரத்த ஓட்டம் மாறிவிடும். அப்படி ஓர் எலியை உண்டாக்கத்தான் என்னை ஒப்பந்தத்தில் வைத்திருந்தார்கள்.

வேலை இதுதான். எலியைத் துணிப்பையில் சுற்றி, மூக்கை ஒரு பிளாஸ்டிக் வளையத்தில் பொருத்தி, காதில் பஞ்சு வைத்து, ஒரு குழாய்க்குள் படுக்க வைக்க வேண்டும். காந்தம் போடுகிற சத்தத்தைப் பதிவு செய்து வைத்திருந்தார்கள். அதை முதலில் மெதுவாக, நாளாக ஆகச் சத்தமாகப் போட்டுப் பழக்க வேண்டும். நெஞ்சுக்கடியில் காற்றடைத்த சின்னத் தலையணை ஒன்று இருக்கும். எலியின் மூச்சு எவ்வளவு வேகம் என்று அது திரையில் காட்டும். மூச்சு நிதானத்துக்கு வந்தால் பயம் போய்விட்டது என்று அர்த்தம். முடிந்ததும் வெளியே எடுத்து, ஒரு துண்டு பூவன் பழம்.

இதில் பேச வேண்டும் என்று எங்கேயும் எழுதியிருக்கவில்லை. நான்தான் பேசினேன்.

பேசாமல் என்ன செய்வது, சொல்லுங்கள். ஸ்ரீரங்கத்தில் சித்திரை வீதிக்குப் பின்னால் ஓர் அடுக்குமாடியில் இருக்கிறேன். பிள்ளைகள் இல்லை. மனைவி போன பிறகு வீட்டில் நானும் ஃபிரிட்ஜும். அதுவாவது அவ்வப்போது உறுமும். நான் பிறவியிலேயே வாயாடி. மனைவி முசிறிக்காரி, அளந்து பேசுவாள். "காலையில எழுந்ததுலேர்ந்து தொணதொணதொணன்னு, உங்களுக்கு வாயே வலிக்காதா?" என்பாள். நான் சொல்வதில் பாதிதான் காதில் வாங்குவாள். அந்தப் பாதி எவ்வளவு பெரிய சொத்து என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்று, "போயிட்டு வரேன்" என்று சொல்வேன். உள்ளேயிருந்து, "ம், பார்த்து" என்று வரும். அவள் போன பிறகும் கதவைப் பூட்டிவிட்டு, பூட்டிடம் அதைச் சொல்லிக்கொண்டுதான் இறங்கினேன். எதிர் வீட்டு மாமி ஒரு தடவை பார்த்துவிட்டு, பாவம் என்று உச்சுக் கொட்டினாள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. என்ன பாவம்? ஊரிலே எவனும் பூட்டோடு பேசுவதில்லையா!

ஆகவே எலிகளோடு பேசினேன். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் கண்டக்டரோடு போட்ட சண்டை, கொள்ளிடத்தில் தண்ணீர் வந்தது, மார்கழியில் வெளியூர்க் கார்கள் எங்கள் தெருவை அடைத்துக்கொண்டு நின்ற அக்கிரமம், எல்லாம் சொன்னேன். குழாய்க்குள் படுத்து மீசையை ஆட்டிக்கொண்டு கேட்கும். மூச்சு மெல்ல மெல்ல இறங்கும். பயிற்சி முடிந்ததும் பழக்க தோஷத்தில், "சரி, போயிட்டு வரேன்" என்பேன். பிறகு தூக்கி, பழம் கொடுத்து, கூண்டில் விடுவேன். ஒவ்வொன்றிடமும், ஒவ்வொரு நாளும்.

என் பயிற்சி அறையில் எல்லாம் நன்றாகத்தான் போனது. அதே எலியைச் சிவப்புக் கோட்டுக்கு அந்தப் பக்கம் கொடுத்தால் கதை வேறாக இருந்தது. காந்தத்துக்குள் போனதும் மூச்சு எகிறியது, உடம்பு திமிறியது, படத்தில் வெள்ளை வளையம். திட்டத்தின் தலைவி ஐம்பதை நெருங்கும் பெண்மணி. காந்த அறைக்குள் போகும் முன் கழுத்துச் சிலுவைச் சங்கிலியைக் கழற்றி ஒரு டப்பாவில் வைத்துவிட்டுப் போவார். ஒரு நாள் வெளியே வந்தவர் சங்கிலியை மாட்டக்கூடத் தோன்றாமல் நின்றார்.

"சார், பங்குனிக்குள்ள சுத்தமான படம் வரலைன்னா, பணம் கொடுக்குறவங்க பழையபடி மயக்க மருந்துக்கே போயிடச் சொல்லுவாங்க. அப்புறம் எலியைப் பழக்குற வேலையே இருக்காது" என்றார்.

அந்த வேலை எனக்குப் போகக் கூடாது. சம்பளத்துக்காக இல்லை, பென்ஷன் வருகிறது. காலையில் எழுந்து, குளித்து, இரண்டு பஸ் மாறி, என்னைப் பார்த்ததும் கம்பியருகே ஓடி வருகிற கூட்டத்தின் முன்னால் போய் நிற்பது இருக்கிறதே, அது எனக்கு வேண்டியிருந்தது. அந்த அறைக்குத் தினமும் போக வேண்டும். அதற்கு மேல் எனக்கு வாழ்க்கையில் ஆசை என்று எதுவும் மிச்சமில்லை.

என்னென்னவோ செய்து பார்த்தார்கள். காந்த அறை குளிர் அதிகம் என்று வெந்நீர்க் குழாய் ஓட்டினார்கள். வாசனை புதிது என்று கூண்டில் பரப்பியிருந்த உமியைக் கொண்டுபோய் உள்ளே வைத்தார்கள். அதிர்வு என்று அடியில் ரப்பர் போட்டார்கள். ஆபரேட்டர் முப்பதைத் தாண்டிய பிள்ளை, பாய் வீட்டுப் பையன், பொறுமைசாலி. எலியை வாங்கும்போது "பிஸ்மில்லாஹ்" என்று முணுமுணுத்து வாங்குவான். அவன் கையும் மெதுவான கைதான். எதற்கும் எலிகள் மசியவில்லை.

வைகுண்ட ஏகாதசிக் கூட்டத்தில் எவனோ என் முகத்துக்கு நேராகத் தும்மினான். தொண்டை கட்டிக்கொண்டது. சும்மா கரகரப்பு இல்லை, குரலே சுத்தமாகப் போய்விட்டது. வாயைத் திறந்தால் காற்றுதான். முகமூடி போட்டுக்கொண்டு வேலைக்குப் போய், ஊமை மாதிரி எலிகளைச் சுற்றிப் படுக்க வைத்தேன். அந்த வாரம் என் அறையிலேயே அவற்றின் மூச்சு எகிறியது. இரட்டைக் கோட்டுக்காரி துணிப்பைக்குள் உதைத்துக்கொண்டு கிடந்தாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. என் உடம்பின் காய்ச்சல் வாடை பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன்.

தலைவி மூச்சுக் கணக்கைத் திரையில் முன்னும் பின்னுமாக ஓட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தார். சட்டென்று திரும்பினார்.

"சார், வழக்கமா நீங்க அதுங்ககிட்ட பேசுவீங்களா?"

எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. குரல் இல்லாததால் தலையை மட்டும் ஆட்டினேன். ஆபரேட்டர் சிரித்துவிட்டான். "பேசுவாங்களாவா? மேடம், ஐயா பேசுறது காரிடார் பூரா கேட்கும்."

"ஆண்டவரே!" என்று நெற்றியில் அடித்துக்கொண்டார். "எல்லாத்தையும் உள்ள கொண்டுபோய் வச்சோம். இவரை விட்டுட்டோமே!"

அவர் சொன்னதன் பொருள் எனக்கு மெல்லத்தான் ஏறியது. நான் எலிகளைச் சத்தத்துக்கு மட்டும் பழக்கவில்லை. சத்தமும் நானுமாகப் பழக்கியிருக்கிறேன். காந்தத்துக்குள் சத்தம் இருந்தது, நான் இல்லை.

குரல் திரும்பியதும் ஏற்பாடு செய்தார்கள். காந்த அறைக்குள் உலோகம் ஆகாதே, அதனால் சுவரைத் தாண்டி ஒரு நீளமான பிளாஸ்டிக் குழாய். இந்தப் பக்கம் ஒரு மைக், ஒரு ஸ்பீக்கர். அந்தப் பக்கம் எலியின் காதருகே குழாயின் வாய். படம் எடுக்கும்போது காந்தம் கடகடவென்று கத்தும். அடையாளம் வைத்த ரத்தம் மேலே ஏறக் காத்திருக்கிற நேரத்தில் கொஞ்சம் அடங்கும். அந்த இடைவெளியில் என் பேச்சு எலிக்குக் கேட்கும் என்றார் தலைவி. "முழுசாக் கேட்காது சார். நம்ம குரல்ல இருக்குற கனமான பகுதி எலிக்கு எட்டாது. மேல் பகுதி மட்டும்தான். பாதின்னு வச்சுக்கோங்க."

"பாதி போதும் மேடம். எனக்கு அதுதான் வழக்கம்" என்றேன். அவருக்குப் புரியவில்லை.

முதல் நாள் மைக் முன்னால் உட்கார்ந்தேன். கண்ணாடிக்கு அப்பால் இரட்டைக் கோட்டுக்காரி குழாயோடு உள்ளே நகர்ந்து மறைந்தாள். காந்தம் கத்தத் தொடங்கியது. அந்தச் சத்தம் எனக்குப் புதிதில்லை. மனைவிக்குப் பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியில் தலையைப் படம் எடுத்த அன்று கதவுக்கு வெளியே நின்று கேட்டது. அடைந்த இடம் என்றால் அவளுக்கு ஆகவே ஆகாது, லிஃப்டில்கூட ஏறமாட்டாள். படுக்க வைத்ததும் குழறிய வாயால், "நீங்களும் உள்ள வாங்க" என்றாள். கூட ஒருவர் நிற்கலாம் என்று நர்ஸும் சொன்னார். என் தொடைக் கம்பி விடவில்லை. கதவு சாத்தினார்கள். நான் வெளியே நின்று, "பயப்படாதம்மா, நான் இங்கதான் இருக்கேன்" என்று கத்தினேன். கனத்த கதவு. அவளுக்குக் கேட்டிருக்க வழியே இல்லை. அதற்கப்புறம் அவளுக்குப் பேச்சு திரும்பவில்லை. கேட்டதா என்று நான் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாமலே போய்ச் சேர்ந்துவிட்டாள்.

அன்றைக்கு மைக்கில் முதலில் வந்தது அதே வார்த்தைகள்தான். "பயப்படாதம்மா, நான் இங்கதான் இருக்கேன்." பக்கத்தில் திரையில் மூச்சுக் கோடு இறங்கியது. நானே கண்ணால் பார்த்தேன். குன்றுகள் மாதிரி இருந்த கோடு கொஞ்சம் கொஞ்சமாகப் படிந்து, அகலமாகி, நிதானமாயிற்று. படத்தில் வளையம் இல்லை. மூளை நடுவில் ஆரஞ்சும் மஞ்சளுமாக ரத்தம் போகிற இடங்கள் தெளிவாகத் தெரிந்தன. ஆபரேட்டர் கை தட்டினான். நான் மூக்கைச் சிந்துகிற சாக்கில் பாத்ரூமுக்குப் போய் நன்றாக அழுதுவிட்டு வந்தேன்.

அடுத்து வந்த வாரங்கள் மாதிரி எனக்கு என்றைக்கும் வாய்த்ததில்லை. பேசுவதற்கென்று நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள்! ஒவ்வோர் எலிக்கும் ஒரு கதை சொன்னேன். ஒற்றைக் கோட்டுக்காரனுக்கு அரசியல். இரட்டைக் கோட்டுக்காரிக்கு என் கல்யாணக் கதை, முசிறியில் மாப்பிள்ளை அழைப்பின்போது பந்தல் சரிந்தது, மணப்பெண் மட்டும் சிரித்தது. மனைவியிடம் அந்தக் கதையைத் தொடங்கினால், "போதும் விடுங்க" என்று எழுந்து போய்விடுவாள். இவள் முழுக்கக் கேட்டாள், வேறு வழியும் இல்லை.

ரமலான் மாதம் வந்தது. ஆபரேட்டர் நோன்போடு வேலை பார்த்தான். ஒரு நாள் தலைவி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"சார், படம் பிரமாதமா வருது. ஆனா ஒரு குறை. நீங்க ஒரு நாள் கோவமாப் பேசுறீங்க, ஒரு நாள் சிரிக்கிறீங்க. எலிக்கு எலி பேச்சு மாறுது. அளவுல வர்ற வித்தியாசம் வயசால வந்ததா, உங்க பேச்சால வந்ததான்னு நாளைக்கு யாராவது கேட்டா என்ன சொல்றது? ஒரே பேச்சைப் பதிவு பண்ணிக்கலாமா?"

எனக்குப் பெருமைதான் வந்தது, வேறென்ன. என் பேச்சைப் பதிவு செய்து வைக்க வேண்டும் என்று யாராவது கேட்பார்கள் என்று கனவிலாவது நினைத்திருப்பேனா! நல்ல சட்டை போட்டுக்கொண்டு போனேன். எலி இல்லாமல் வெறும் மைக்கைப் பார்த்துப் பேச வரவில்லை. அதனால் என் பயிற்சி அறையில் இரட்டைக் கோட்டுக்காரியைக் குழாயில் படுக்க வைத்து, அவளுக்குச் சொல்வதாகவே சொன்னேன். பயப்படாதம்மா, நான் இங்கதான் இருக்கேன் என்று ஆரம்பித்து, பஸ், காவிரி, வெயில், முசிறிப் பந்தல் எல்லாம் சொல்லி, பேச்சு தீர்ந்ததும், "சரி, போயிட்டு வரேன்" என்று முடித்தேன். பதிவு முடிந்தால் மறுபடி முதலிலிருந்து ஓடுகிற மாதிரி வைத்தார்கள்.

அங்கேதான் ஒரு கோமாளித்தனம் நடந்தது. படம் எடுத்தால் எல்லா எலிக்கும் வரிசையாக எடுக்கும் படங்களில் நடுவே ஒன்றில் வெள்ளை வளையம். அதற்கு முன்னால் சுத்தம், பின்னால் சுத்தம், அந்த ஒன்று மட்டும் பாழ். இயந்திரக் கோளாறு என்று ஒரு நாள் முழுக்கக் காந்தத்தைச் சோதித்தார்கள். கடைசியில் ஆபரேட்டர்தான் பதிவையும் மூச்சுக் கோட்டையும் ஒன்றாக ஓடவிட்டுக் கண்டுபிடித்தான்.

"ஐயா, நீங்க 'போயிட்டு வரேன்'னு சொன்னதும் எல்லாம் துள்ளுதுங்க!"

பிறகென்ன, துள்ளாமல்? இத்தனை மாதம் அந்தச் சொல் காதில் விழுந்ததும் நான் தூக்கியிருக்கிறேன், பழம் கொடுத்திருக்கிறேன். அவற்றைப் பொறுத்தவரை அது வெளியே வரும் நேரம். காந்தத்துக்குள் கட்டிப் போட்டுவிட்டு, வெளியே வா என்று கூப்பிட்டால் திமிறாமல் என்ன செய்யும்? ஊர் உலகத்தில் எந்த ஆராய்ச்சிக் கூடத்திலும் இந்தத் தப்பு நடந்திருக்காது. எலியிடம் சொல்லிக்கொண்டு கிளம்புகிறவன் வேறெங்கே இருக்கப் போகிறான்! எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். தலைவி கண்ணைத் துடைத்துக்கொண்டே, "அதை மட்டும் வெட்டிடுங்க" என்றார். வெட்டினார்கள். அதற்குப் பிறகு ஒரு வளையமும் இல்லை. பதிவில் நான் பேசுவேன், முடிப்பேன், சொல்லிக்கொள்ளாமலே மறுபடி ஆரம்பிப்பேன்.

பங்குனி பிறப்பதற்குள் தேவையான படங்கள் எல்லாம் வந்துவிட்டன. திட்டம் தொடரும் என்று செய்தி வந்தது. லட்டு கொடுத்தார்கள். லட்டு தின்ற கையோடு தலைவி என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். சங்கிலியில் இருந்த சிலுவையை விரலால் சுற்றிக்கொண்டே இருந்தார். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

"சார், அடுத்த கட்டத்துல புது எலிங்களையும் பதிவை வச்சே பழக்கச் சொல்லிட்டாங்க. கையால பழக்குறதுன்னா ஆளுக்கு ஆள் மாறும்னு சொல்றாங்க. தூக்கி வைக்குறதை ஆபரேட்டரே பார்த்துக்குவாரு. உங்க ஒப்பந்தம் இந்த மாசத்தோட..." நிறுத்தினார். "நான் பேசிப் பார்த்தேன் சார். உண்மையா பேசிப் பார்த்தேன்."

"என் குரல் போதும், நான் வேண்டாம். அப்படித்தானே மேடம்?"

அவர் மேல் தப்பில்லை. ஆனாலும் எனக்குப் பொங்கிக்கொண்டுதான் வந்தது. நானே நல்ல சட்டை போட்டுக்கொண்டு போய் உட்கார்ந்து, என் வேலையை என் வாயாலேயே பேசி முடித்துக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.

கடைசி நாள் மதியம் எலிகளின் அறைக்குப் போனேன். ஒவ்வொரு கூண்டின் முன்னாலும் நின்றேன். எதுவும் சொல்லக் கூடாது என்று முடிவு செய்திருந்தேன். போயிட்டு வரேன் என்று சொல்லிவிட்டால் அவை தூக்கப்போகிறேன் என்று நினைக்கும். சொன்னால் தூக்க வேண்டும். தூக்கினால் என்னால் கீழே வைக்க முடியாது. அதனால் வாயை இறுக்க மூடிக்கொண்டு வாசல்வரை வந்தேன். எந்த வீட்டிலிருந்தும் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பியதில்லை நான்.

கதவைச் சாத்தப்போகிற நேரம், காரிடாரின் கோடியிலிருந்து ஆபரேட்டர் கையை உயர்த்தினான். "ஐயா, பார்த்துப் போயிட்டு வாங்க!"

"போயிட்டு வரேன் தம்பி" என்று சொல்லிவிட்டேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

அறைக்குள் சரசரவென்று சத்தம். திரும்பிப் பார்த்தேன். எல்லாக் கூண்டிலும் எல்லாம் எழுந்து, முன்னங்கால்களைக் கம்பியில் வைத்து, மூக்கை நீட்டிக்கொண்டு நின்றன. அத்தனையும்.

பையில் மதியச் சாப்பாட்டுக்கு வைத்திருந்த பூவன் பழங்கள் இருந்தன. உள்ளே போய் ஒவ்வொன்றாகத் தூக்கி, ஒவ்வொன்றுக்கும் ஒரு துண்டு கொடுத்தேன். இரட்டைக் கோட்டுக்காரி பழத்தைத் தொடுவதற்கு முன் வழக்கம்போல என் பொத்தானைக் கடித்துப் பார்த்தாள். தலைவி வாசலில் வந்து நின்றதைக் கவனித்தேன். அவர் உள்ளே வரவில்லை. எல்லாவற்றையும் விட்டபின், இந்த முறை ஒன்றும் பேசாமல் வெளியே வந்தேன்.

வீட்டில் உட்கார்ந்தேன். காலையில் குளித்துவிட்டு எங்கே போவது என்று தெரியவில்லை. சித்திரை பிறந்தது. கோயில் பக்கம் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தால் பத்து மணிகூட ஆகியிருக்காது. தேர் பார்க்கக் கூட்டம் வந்தது, போனது. எதிர் வீட்டு மாமி, "என்ன, வேலைக்குப் போகலையா?" என்று கேட்டாள். அவளிடம் சண்டை போடக்கூடத் தெம்பில்லை.

ஒரு நாள் காலை போன் அடித்தது. ஆபரேட்டர்.

"ஐயா, நீங்க எந்தக் கடையில பழம் வாங்குவீங்க? நான் வாங்கிட்டு வர்றதை ரெட்டைக் கோடு மோந்துட்டுத் தள்ளிடுது."

"என்ன பழம் வாங்குறே?"

"பச்சைப் பழம்."

"அட போப்பா! அதை மனுஷனே தின்ன மாட்டான். பூவன் வாங்கு. சத்திரத்துல முசிறி பஸ் நிக்குற இடத்துல ஒரு அம்மா வச்சிருப்பாங்க."

"சரிங்கய்யா." கொஞ்சம் தயங்கினான். "இப்பக்கூட அதுதான் உள்ள இருக்கு. நீங்க பேசிக்கிட்டிருக்கீங்க. கேட்குறீங்களா?"

நான் பதில் சொல்வதற்குள் போனை ஸ்பீக்கர் பக்கத்தில் வைத்துவிட்டான். காந்தம் கடகடவென்று கத்தி அடங்கியது. அந்த இடைவெளியில் என் குரல் வந்தது. எனக்கும் பாதிதான் கேட்டது. முசிறிப் பந்தல் சரிந்துகொண்டிருந்தது. அவள் சிரித்தாள் என்று சொன்னேன். மறுபடி கடகட.

நாற்காலியில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். என் மூச்சு மெல்ல நிதானத்துக்கு வருவது எனக்கே தெரிந்தது. பேச்சு முடியும் இடத்துக்கு வந்தது. சொல்லிக்கொண்டு கிளம்பும் இடம். காதை அழுத்திக்கொண்டு காத்திருந்தேன், அதை வெட்டிவிட்டார்கள் என்று தெரிந்தும்.

"பயப்படாதம்மா, நான் இங்கதான் இருக்கேன்" என்று முதலிலிருந்து ஆரம்பித்தது.

"சரி" என்றேன்.